புது பல் டாக்டர் முதல் நாளே ஆறு பல்லில் சொத்தை என்கிறார். நம்புவதா?

கேள்வி: 2024 மார்ச் 3

பத்து வருஷமா ஒரே டாக்டர்கிட்டதான் பல் காட்டிட்டு இருந்தேன். அவர் ஓய்வு எடுத்துட்டார். போன வாரம் புது இடம். வலி கிலி எதுவும் இல்லை, சும்மா க்ளீன் பண்ணலாம்னுதான் போனேன். எக்ஸ்ரே எடுத்து, பத்து நிமிஷத்துல ஆறு பல்லுல சொத்தைன்னு சொல்லிட்டாங்க. பழைய டாக்டர் ஒரு தடவைகூட இப்படிச் சொன்னதில்லை. ஒண்ணு, அவர் பத்து வருஷமா கவனிக்காம விட்டிருக்கணும். இல்லேன்னா இவங்க இல்லாததைச் சொல்றாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான். வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

பதில்: மார்ச் 4, காலை

எனக்கு நடந்து பதினொரு நாள்தான் ஆகிறது. மனசு இன்னும் ஆறவில்லை, அதனால் நீளமாகத்தான் வரும்.

உங்களுக்கு ஆறு, எனக்கு ஏழு. கூடவே ஒரு கேப், அதாவது பல்லை மேலே மூடுகிற உறை. ஆனால் நான் வலியோடு போனவன். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கெட்டியாக எதையாவது கடித்தால் சுருக்கென்று ஒரு வலி. ஒரே நொடிதான், உடனே போய்விடும். இரண்டு மாதமாக வலது பக்கத்திலேயே மென்றுகொண்டிருந்தேன். என் பழைய டாக்டரும் போன வருடம்தான் க்ளினிக்கை மூடினார். அவர் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். புது ஆளிடம் போகத் தயங்கித் தயங்கித்தான் இரண்டு மாதம் ஓடியது.

போனதும் ஒரு படிவம். பிறகு டாக்டரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எக்ஸ்ரே அறை. நிற்கவைத்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை முன்பல்லால் கடிக்கச் சொல்லி, தலையைச் சுற்றி இயந்திரம் ஓடியது. அப்புறம் நாற்காலியில் சாய்த்தார்கள். விளக்கு நேரே கண்ணில். டாக்டர் வந்தார், வயது குறைவுதான், முகமூடி போட்டபடியே தலையசைத்தார். "இடது பக்கம் கடிச்சா வலிக்குது டாக்டர்" என்றேன். "பார்க்கலாம், வாயத் திறங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை. உதவியாளரிடம் எண்களாகச் சொல்லிக்கொண்டே போனார். பதினாறு, பதினேழு, இருபத்தாறு, இருபத்தேழு... வாய் திறந்தபடி கிடக்கிற ஆள் எதைக் கேட்க முடியும்? நாற்காலி நிமிர்ந்தபோது அவர் அடுத்த அறைக்குப் போயிருந்தார்.

ரிசப்ஷனில் ஒரு தாள் தந்தார்கள். ஏழு பல் அடைக்க, ஒரு பல்லுக்குக் கேப். பல் படத்தில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது. கேப் போடச் சொன்னது வலது பக்கப் பல்லுக்கு. எனக்கு வலிப்பது இடது பக்கம்! வலிக்கிற பல்லுக்குக் கேப் இல்லை, வலிக்காத பல்லுக்கு இருக்கிறது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிட்டேன். அப்படி வந்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் உங்கள் "ரெண்டாவதுதான்" என்பதற்கு என் கையும் சேர்ந்து உயர்கிறது.

மார்ச் 4, இரவு

"பழைய டாக்டர் சொன்னதே இல்லை" என்ற வரியை மறுபடி படித்தேன். என்னுடையவர் சொல்லியிருக்கிறார். "இங்க ஒரு சின்ன நிழல் இருக்கு, பார்த்துட்டே இருப்போம்" என்பார். அடைக்க வேண்டும் என்று சொல்லாததால் நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. உங்களுடையவரும் அப்படி ஏதாவது சொல்லியிருக்கலாம். யோசித்துப் பாருங்கள்.

மார்ச் 6

எக்ஸ்ரே பற்றிப் பயந்து எழுதியவருக்கு. பயத்தின் அளவு தெரிந்தால் நல்லது என்பதற்காக எழுதுகிறேன், கடிந்துகொள்ள அல்ல. பூமியில் சும்மா இருந்தாலே மண், காற்று, வானம் எல்லாவற்றிலிருந்தும் நம் உடம்பில் விழும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் வருடத்துக்குச் சுமார் 2,400 மைக்ரோசீவர்ட். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு என்று வரும். பல்லுக்கு எடுக்கிற சின்னப் படம் ஒன்று சில மைக்ரோசீவர்ட்தான். தலையைச் சுற்றி எடுக்கும் பெரிய படம் பத்து, இருபது என்ற அளவில் இருக்கும். அதாவது சில நாள் வாழ்ந்ததற்குச் சமம். ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஓட்டோ வால்கோஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர் தன் பல்லையே படம் எடுத்துக்கொண்டார். 25 நிமிடம் அசையாமல் கிடந்தாராம். இன்று சின்னப் படத்துக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை.

என் குறை கதிர்வீச்சு பற்றியது இல்லை. எதற்கு எந்தப் படம் என்பதுதான். பெரிய படத்தில் இரண்டு தாடை, ஞானப்பல், எலும்பு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் இரண்டு பல் ஒட்டும் இடத்தில் ஆரம்பிக்கிற சொத்தை அதில் சரியாகத் தெரியாது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கலாகிவிடும். அதற்கு வாய்க்குள்ளே வைத்துக் கடித்தபடி எடுக்கும் சின்னப் படம் வேண்டும். பைட்விங் என்பார்கள். எனக்கு அது எடுக்கவில்லை. எடுக்காமல் ஏழு பல் எப்படிக் கணக்காயிற்று?

உங்களுக்கு எது எடுத்தார்கள்? வாய்க்குள்ளே வைத்தா, வெளியே சுற்றியா?

மார்ச் 7

ஒரு தவறைத் திருத்த வேண்டும். பெரிய தவறு.

"கேப் எந்தப் பல்லுக்கு, எண் என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தாளை எடுத்துப் பார்த்தேன். 36. பல் எண்களில் முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்கிறது: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக 36 என்றால் கீழ் இடது பக்கம் ஆறாவது பல். முதல் கடைவாய்ப் பல். எனக்கு வலிக்கிற அதே பல்!

நான் படத்தைப் பார்த்துப் படித்துவிட்டேன். அந்தப் படம் டாக்டர் எதிரே நின்று நம் வாயைப் பார்க்கிற மாதிரி வரையப்பட்டது. தாளின் வலது பக்கம் இருப்பது நம்முடைய இடது. பட்டியல் வைத்திருக்கிற எல்லாரும் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பதினான்கு நாளாக "வலிக்கிற பல்லை விட்டுவிட்டார்கள்" என்று வீட்டில், வேலை இடத்தில், இங்கே என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அது உண்மையில்லை. அவர் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். அந்தப் பல்லைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வந்திருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. கூட வந்திருந்த மனைவியிடம் கேட்டேன். டாக்டர் காற்று ஊதிப் பார்த்தார், கொக்கி மாதிரிக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டார் என்கிறாள். எனக்கு நினைவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் போல. படிவத்தில் "வந்த காரணம்" என்ற இடத்தில் "பரிசோதனை" என்று மட்டும் நான்தான் எழுதியிருக்கிறேன் என்பதையும் அவள் நினைவுபடுத்தினாள்.

ஆனாலும் கோபம் முழுசாகப் போகவில்லை. "உங்க வலி இந்தப் பல்லுலதான், அதுக்குத்தான் கேப்" என்று ஒரு வரி. அதைச் சொல்லியிருந்தால் நான் இரண்டு வாரம் வேறு மனிதனாக இருந்திருப்பேன்.

மார்ச் 7, சற்று நேரம் கழித்து

அடைக்கச் சொன்ன ஏழு எவை என்று கேட்டிருக்கிறீர்கள்: 16, 17, 26, 27, 37, 46, 47. எல்லாமே கடைவாய்.

மார்ச் 9

க்ளினிக்குக்குப் போன் செய்து எக்ஸ்ரே பிரதி கேட்டேன். தயங்காமல் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். பழைய டாக்டரின் க்ளினிக்கில் இருந்த அட்டையும் படங்களும் அவர் மகனிடம் இருந்தன. நேற்று போய் வாங்கி வந்தேன். 2019-இல் எடுத்த கடிபடம் (அதே பைட்விங்) இரண்டு. அட்டையில் 26-க்கு எதிரே அவர் கையெழுத்தில் "கவனிக்க". அதற்குக் கீழே வருடா வருடம் ஒரு சின்ன டிக். மருந்து எழுதும்போது கோணலாக இருக்கும் அதே கையெழுத்து. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கவனிக்க" என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளாமலே இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். பல்லின் மேலோடு எனாமல். உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள், எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. வாயில் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும்போது, pH அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சமன் செய்ததும் தாது திரும்பவும் படியும். இந்தப் போக்குவரத்து தினமும் நடக்கிறது. போவது கூடினால் சொத்தை, வருவது கூடினால் ஆறுதல். அதனால் எனாமலுக்குள்ளேயே நிற்கிற ஆரம்பச் சொத்தையை, மேல்பரப்பு உடையாத வரை, ஃப்ளூரைடு பேஸ்ட்டும் ஒழுங்கான துலக்கலும் வைத்தே நிறுத்திவிட முடியும். உள்ளே இருக்கும் டென்டினுக்குள் ஆழமாகப் போய்விட்டால், குழி விழுந்துவிட்டால், அப்போதுதான் கருவி.

ஒரு தடவை குடைந்து அடைத்தால் அந்தப் பல் வாழ்நாள் முழுக்க அடைத்த பல்தான். அடைப்பு தேயும், ஓரம் கசியும், மறுபடி அடைக்கும்போது குழி இன்னும் பெரிதாகும். ஆரம்பத்திலேயே அவசரப்படக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி கேட்டவருக்கு: "ஆறு பல்லில் சொத்தை" என்றால் போதாது. ஒவ்வொன்றும் எனாமலிலா, டென்டினிலா? குழி விழுந்திருக்கிறதா? இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எங்களுக்கெல்லாம் சொல்லுங்கள்.

மார்ச் 10

க்ளீன் பண்ணினால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பல்லில் படிகிற அழுக்கு காரையாகக் கெட்டியாகிப் பல் இடுக்கை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இடுக்கு தெரிகிறது, நாக்குக்குப் புதிதாகப் படுகிறது, அவ்வளவுதான். ஆட்டம் வருவது காரையை விட்டுவைத்து ஈறும் எலும்பும் கரைவதால். என் அம்மாவுக்கு அப்படித்தான் முன்பற்கள் போயின. யாரும் சொல்லித்தர ஆளில்லை. தள்ளிப்போடாதீர்கள்.

மார்ச் 12

இரண்டாவது டாக்டரிடம் போய் வந்தேன். மூத்த பெண்மணி. எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிடுகிறேன், மறப்பதற்குள்.

நாற்காலியைச் சாய்க்கவில்லை. எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "என்ன பண்ணுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். சொன்னேன். கடிக்கும்போது வலியா, கடித்ததை விடும்போது வலியா என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதமாக வலிக்கிற பல்லைப் பற்றி எனக்கே தெரியாத கேள்வி! "பரவாயில்லை, பார்த்துடலாம்" என்றார். பிறகு, "நடுவுல எப்ப வேணும்னாலும் இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் தோள் இறங்கியது. கண்ணை மூடவில்லை.

சின்ன பிளாஸ்டிக் குச்சி ஒன்றைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடிக்கச் சொன்னார். முதல் முனை, ஒன்றும் இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது முனையில் கடித்தபோதும் இல்லை, வாயைத் திறந்ததும் சுருக்! அதே வலி. அப்படியே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "விரிசல்" என்றார். பல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சக் குச்சியை வைத்து, கண்ணாடியில் எனக்கும் காட்டினார். பல்லின் பாதி வரை வெளிச்சம் ஓடி, ஒரு கோட்டில் வந்து நின்றுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டு. பதினைந்து வருடத்துக்கு முன் போட்ட பெரிய அடைப்பு அந்தப் பல்லில் இருக்கிறது. அடைப்பு பெரிதானால் சுற்றிச் சுவர் மெலியும், பல வருடம் கடித்துக் கடித்து விரிசல் விழும் என்றார். எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாதாம். விரிசல் முன்னும் பின்னுமாக ஓடுகிறது, படம் பக்கவாட்டிலிருந்து எடுக்கப்படுகிறது.

குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தார். கூசியது, எடுத்ததும் போய்விட்டது. உள்ளே நரம்பு பரவாயில்லை என்பதற்கு அது அடையாளம். அரை நிமிடத்துக்கு மேல் நின்று வலித்தால்தான் வேர் சிகிச்சைக் கவலை. பிறகு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்தார், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடம். மூன்று மில்லிமீட்டர் வரை நலம், நான்கு வந்தால் கவனம். எனக்கு இரண்டே இடத்தில் நான்கு.

முடிவு என்ன தெரியுமா? கேப்தான். 36-க்குத்தான். முதல் டாக்டர் சொன்ன அதே பல், அதே சிகிச்சை.

ஏழு பல் கதை வேறு. புதிதாகக் கடிபடம் எடுத்து, 2019 படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 16, 26, 37 மூன்றிலும் நிழல் எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. 26-இல் ஐந்து வருடமாக ஓர் இம்மிகூட நகரவில்லை. இவற்றைத் தொடவேண்டாம், ஆறு மாதத்தில் பார்க்கலாம் என்றார். 17, 47 இரண்டிலும் பழைய அடைப்பின் ஓரத்தில் கறை மட்டும். 27, 46 இரண்டையும் அடைத்தே ஆகவேண்டும். 46-இல் சொத்தை டென்டினுக்குள் நன்றாகப் போயிருக்கிறது. அதை நானே படத்தில் பார்த்தேன்.

ஏழில் இரண்டு. ஆனால் அந்த இரண்டும் உண்மை.

மார்ச் 13

"அப்போ முதல் டாக்டர் ஏமாற்றுக்காரர்தானே?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பத்து நாள் முன்பு நானே அப்படித்தான் கை உயர்த்தினேன். இப்போது அந்தக் கையை இறக்கிக்கொள்கிறேன். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அவர் கையில் 2019 படம் இல்லை. ஐந்து வருடமாக நகராத நிழல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதல்முறை பார்க்கிறவருக்கு அது நேற்று வந்ததா, நாளை பெரிதாகுமா என்று தெரியாது. எந்தக் கட்டத்தில் அடைப்பது என்பதில் டாக்டருக்கு டாக்டர் வித்தியாசமும் இருக்கத்தான் செய்கிறது. பழைய படத்தை நான் கையோடு கொண்டு போயிருக்க வேண்டும். அல்லது அவர் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

கடிபடம் எடுக்காதது பற்றிய என் குறை மட்டும் அப்படியே நிற்கிறது.

மார்ச் 16

குழந்தையை முதல்முறை கூட்டிப் போவது பற்றிக் கேட்ட தாய்க்கு. என் மகளை நான் முதல்முறை கூட்டிப் போனது அவளுக்கு வலி வந்த பிறகு, ஐந்து வயதில். இரவெல்லாம் அழுத பிள்ளை, தூங்காத கண்ணோடு, நேரே ஊசிக்கு. அதற்குப் பிறகு அவளை நாற்காலியில் உட்காரவைக்க மூன்று வருடம் ஆனது. ஒரு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றுதான் குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒன்றும் செய்யமாட்டார்கள், மடியில் வைத்துப் பார்ப்பார்கள். பால்பல் இருபதும் விழப்போகிறவைதானே என்று விடாதீர்கள். பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை அவை.

மார்ச் 19

முதல் டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். திட்டி எழுதவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி, 36 பற்றி நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். நேற்று மாலை அவரே போன் செய்தார். பழைய அடைப்புக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று கண்ணுக்கே தெரிந்ததாம். விரிசல் என்று சந்தேகப்பட்டுத்தான் கேப் எழுதினாராம். "வெளியே விளக்கிச் சொல்வாங்கன்னு நெனச்சேன், நானே சொல்லியிருக்கணும்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஏழு பல் பற்றிக் கேட்டேன். பழைய படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரவே பதில் வந்தது: 26, 16, 37 காத்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

இதை இங்கே எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அவரைப் பற்றி முதல் நாள் நான் எழுதியதும் இதே பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் கேப் இரண்டாவது டாக்டரிடம்தான் போட்டுக்கொள்கிறேன். அந்த இடது கை.

மார்ச் 28

தற்காலிகக் கேப் போட்டாயிற்று. ஊசி போட்டதில் கீழுதடு பாதி மூன்று மணி நேரம் மரத்துக் கிடந்தது. உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த நேரம் எதையும் மெல்லவில்லை. வேண்டியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்லைச் சுற்றிலும் சீவி, அச்சு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நீலத் தாளைக் கடிக்கவைத்து, எங்கே உயரமாக இடிக்கிறது என்று மூன்று தடவை சரிசெய்தார். மூன்றாவது தடவைதான் நானே "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டது. கேட்கலாம் என்று இப்போதுதான் பழகியிருக்கிறது.

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஆறில் நான்கு எனாமல் மட்டும் என்று அதே டாக்டரே எழுதிக்கொடுத்தாரா? கேட்டதும் உட்கார்ந்து விளக்கினாரா? மிக்க மகிழ்ச்சி. மீதி இரண்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏப்ரல் 11

நிரந்தரக் கேப் ஒட்டியாயிற்று. விரிசல் ஆறாது, கேப் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சிலருக்குப் பிறகு வேர் சிகிச்சையும் வேண்டிவரும், வேர்வரை விரிசல் போயிருந்தால் பல்லையே எடுக்கவேண்டியிருக்கும், அதையும் சொன்னார். ஆறு வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் இன்னும் ஒரு நொடி கூசுகிறது. இன்று காலை மூன்று மாதத்துக்குப் பிறகு இடது பக்கம் மென்றேன். வலிக்கவில்லை. ஆறு வாரம் கழிந்ததும் எழுதுகிறேன்.